மறு: துண்டிக்கத்தக்க பகா எண் – 'கடைக்குறை' என்றால் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

தக்கலைப் பக்கம் காலையிலிருந்து மழை, கரண்ட் இல்லை. கைப்பேசியில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: ஒவ்வோர் இலக்கமாக எடுத்துக்கொண்டே போனாலும் பகா எண்ணாகவே நிற்கும் எண்களுக்கு (truncatable primes) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதில் 'கடைக்குறை' என்றால் என்ன என்ற கேள்விக்குத்தான் இந்தப் பதில். 73939133 ஒரு பகா எண். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் 7393913, அதுவும் பகா எண். மறுபடி எடுத்தால் 739391. இப்படியே 73939, 7393, 739, 73, 7 வரை எதுவும் பகுபடாது. தசம முறையில் இவ்வகை எண்கள் மொத்தமே 83தான். இதுதான் அவற்றில் பெரியது. முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் பகா எண்ணாகவே நிற்பவை வேறு வகை. சுழியம் வராதவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் 4260 உண்டு. பெரியது 24 இலக்கம்: 357686312646216567629137. அதன் வாலில் உள்ள 9137ஐ எடுத்துப் பாருங்கள்: 137, 37, 7.

ஏன் இத்தனை வித்தியாசம்? பின்னால் ஒட்ட 1, 3, 7, 9 மட்டும்தான் உதவும். இரட்டை எண்ணோ 5ஓ வந்தால் கதை முடிந்தது. முன்னால் ஒட்ட ஒன்பது இலக்கமும் கிடைக்கும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

> துண்டிக்கத்தக்க பகா எண் என்றே வைத்துவிடலாமே

எந்த எண்ணைத்தான் துண்டிக்க முடியாது? துண்டித்த பிறகும் பகா எண்ணாக இருப்பதல்லவா விஷயம். அது இந்தப் பெயரில் வரவில்லை.

போன வாரம் நான் 'சீவு பகா எண்' என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊர்ப் பனையேறிகள் பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவுவார்கள். பாளை குறையக் குறைய அக்கானி (பதநீர்) ஊறிக்கொண்டே இருக்கும். ஆசையாகத்தான் வைத்தேன். ஆனால் பாளையை யாரும் அடியிலிருந்து சீவுவதில்லை, சீவினால் மொத்தமும் கீழே விழும். முன்னாலிருந்து எடுக்கும் வகைக்கு அது பொருந்தாது. ஆகவே நானே திரும்பப் பெறுகிறேன்.

இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. தாமரை 'மரை' ஆவது முதற்குறை, நீலம் 'நீல்' ஆவது கடைக்குறை. எழுத்து போனாலும் பொருள் போகவில்லை, மரையும் தாமரைதான். நமக்கு வேண்டியதும் அதேதான்: இலக்கம் போனாலும் பகாத்தன்மை போகக்கூடாது. எனவே முதற்குறைப் பகா எண், கடைக்குறைப் பகா எண்.

> குறை என்றால் மாணவர்கள் ஊனம் என்று நினைப்பார்கள்

நினைக்கலாம். என் வகுப்பில் ஒருவன் 'கடைக்குறை' என்றதும் எந்தக் கடை சார் என்றான். ஒரு முறை தாமரையைச் சொன்னால் போதும், அப்புறம் குழம்ப மாட்டார்கள். இலக்கணத்தில் ஒரு தடவைதான் குறையும், இங்கே கடைசி இலக்கம் வரை குறைகிறது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதை வரையறையில் எழுதிவிடலாம், பெயரில் திணிக்க வேண்டாம்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. பகா எண்ணை நீங்கள் முதன்மை எண் என்பீர்கள். 'முதற்குறை முதன்மை எண்' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. உங்களுக்கு எப்படி?

இரண்டு பக்கமும் தாங்கும் எண்களில் பெரியதான 739397க்கு என்ன பெயர் என்று குழுவில் ஓர் அக்கா கேட்டிருந்தார். 'இருமுனைக்குறை' என்று தோன்றுகிறது, முழுத் திருப்தி இல்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.