தாத்தாவின் ரெக்கவரி வண்டி: பழைய இரும்புக்குப் போடுவதா, சீரமைப்பவருக்கு விற்பதா?

சங்ககிரி பேரன்

வணக்கம். என் தாத்தா சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மிலிட்டரி டிஸ்போசலில் (ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் விற்பனையில்) ஒரு செவர்லே லாரி எடுத்து, பின்னால் கிரேன் கட்டி, வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்துவரும் ரெக்கவரி வண்டியாக ஓட்டினார். 1994-இலிருந்து ஷெட்டில் நிற்கிறது. அப்பா இருந்தவரை யாரையும் தொட விடவில்லை. அவரும் போய் இரண்டு வருடம் ஆகிறது. தை மாதத்துக்குள் ஷெட்டைக் காலி செய்து வாடகைக்கு விட வேண்டும் என்கிறார் அம்மா.

வண்டி எப்படி இருக்கிறது என்றால்: சப்பை மூக்கு, முன்கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்ளே சரிந்திருக்கும். நான்கே சக்கரம், நான்கிலும் காற்றில்லை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு தாத்தா பெர்கின்ஸ் பி6 டீசல் போட்டிருக்கிறார். அது இப்போது இறுகிக் கிடக்கிறது. கிரேனுக்கு ஒற்றைக் கை, கையால் சுற்றிக் கம்பிவடத்தை இழுக்கும் வின்ச். சுற்றுகிற கைப்பிடியைக் காணவில்லை. ஆர்.சி. புக் தாத்தா பெயரில், கரையான் தின்றது போக மீதி இருக்கிறது.

பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ 32 ரூபாய் என்கிறார். நான்கு டன் வந்தால் 1,28,000. பெயிண்ட் அடித்து, எஞ்சினை ஓடவிட்டு விற்றால் அதைவிட நல்ல விலை வருமா? அந்தச் செலவே வீணா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டீசல் வாசம்

பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள் தம்பி. இந்த மாதிரி வண்டி வாங்குபவர் புதுப் பெயிண்ட்டைப் பார்த்ததும் "எந்த ஓட்டையை மறைத்திருக்கிறான்" என்றுதான் தேடுவார். பட்டி பார்த்து அடித்தால் இன்னும் மோசம். அவர் அதைச் சுரண்டி எடுக்கக் கூலி கொடுக்க வேண்டும், அந்தக் கூலியை உங்கள் விலையில் கழிப்பார். தூசி தட்டி, எலிக்கூட்டை அள்ளிப் போட்டால் போதும்.

எஞ்சினுக்கு ஒரே ஒரு வேலை செய்யலாம். ஓட்டிக் காட்ட வேண்டாம், சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். "சுற்றுகிறது" என்ற ஒரு சொல்லுக்குத் தனி விலை உண்டு. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றுங்கள். பாதி டீசல், பாதி கியர் ஆயில் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு டீ கிளாஸ் அளவு ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து, முன்னும் பின்னும் நூல் நூலாக அசைத்துப் பாருங்கள். பேட்டரி கட்டி ஸ்டார்ட்டரை அழுத்திவிடாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அசைந்தாலும் இன்ஜெக்டரை உடனே மாட்ட வேண்டாம். உள்ளே தேங்கிய எண்ணெய் துளை வழியாக வெளியே வரும்வரை கையால்தான் சுற்ற வேண்டும். எண்ணெயை அமுக்க முடியாது, இரும்புதான் உடையும்.

இன்னொன்று. மிலிட்டரி வண்டிகள் பலவற்றில் ரிம் இரண்டு துண்டாக இருக்கும், சுற்றிலும் நட்டு போட்டு இணைத்திருப்பார்கள். சக்கர நட்டு எது, ரிம் நட்டு எது என்று தெரியாமல், டயரில் காற்று இருக்கும்போது கழற்றினால் ஆளைக் கொன்றுவிடும். காற்றடிக்கும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாதி ஆர்.சி.

எல்லோரும் துருவைப் பற்றியே பேசுவோம், ஆனால் விலையைத் தீர்மானிப்பது காகிதம். உங்களுக்கு மூன்று சிக்கல் இருக்கிறது.

வண்டி இன்னும் தாத்தா பெயரில். வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31, கூடவே வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து. அப்பாவுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களும் வாரிசுதான். வாங்குபவர் கிடைத்த பிறகு அத்தை வீட்டுக்கு ஓடாதீர்கள், இப்போதே போய்ப் பேசுங்கள். அதன் பிறகுதான் விற்பனைக்கான 29, 30 படிவங்கள். இவ்வளவு பழைய பதிவு, 'வாகன்' என்கிற அரசின் வண்டிப் பதிவுக் கணினியில் ஏறியிருக்காது. ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய ரிஜிஸ்டரைத் தேடி ஏற்றச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எஞ்சின். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும், வண்டியில் இருப்பது டீசல். அந்தக் காலத்தில் மாற்றியதை ஆர்.சி.யிலேயே எழுதி முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். கரையான் விட்டுவைத்த பக்கங்களில் அது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, "விண்டேஜ் நம்பர் வாங்கலாம்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. எழுத்துடன் தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அது சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமும் செய்திருக்கக் கூடாது. கூலிக்கு ஓடிய, எஞ்சின் மாற்றிய, கிரேன் கட்டிய வண்டிக்கு அதை நம்பி விலை சொல்லாதீர்கள். வாங்குபவர் நாளைக்கு உங்களைத்தான் திட்டுவார்.

கிலோ கணக்கு

எல்லோரும் கனவு காட்டுகிறார்கள். என் மாமாவின் ஃபார்கோ லாரி இப்படித்தான் "ரெஸ்டோரேஷன் பிராஜெக்ட்" என்ற பெயரில் இரண்டு வருடம் நின்றது. பார்க்க வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். ஒருவர் மீட்டரை மட்டும் தரச் சொன்னார். கடைசியில் கிலோவுக்குத்தான் போட்டோம், அதற்குள் ரேட்டும் இறங்கியிருந்தது. உங்களுக்குத் தை மாதக் கெடு வேறு. நாள் குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை ஆள் வராவிட்டால் இரும்புக்கடைதான்.

கோவை வின்ச்

கெடு வைப்பது சரி. ஆனால் செவர்லேவையும் ஃபார்கோவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பேரன் சொல்வதைக் கேட்டால் இது இரண்டாம் உலகப் போருக்குக் கனடாவில் செய்த ராணுவ லாரி. செவர்லே என்றால் ஓஷாவா தொழிற்சாலை. இந்த ரகத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், இன்று உலகம் முழுக்க இதற்கென்றே அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பெர்கின்ஸ் வேண்டாம், கேபினும் சேஸிஸும்தான் வேண்டும். அதனால் டேஷ்போர்டுத் தகடு, சேஸிஸ் நம்பர், கதவு, கண்ணாடிச் சட்டம் இவற்றை வெயிலில் கிட்டத்தில் படம் எடுங்கள். மீட்டர்களில் சி எழுத்துக்குள் அம்புக்குறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது கனடா ராணுவச் சொத்து அடையாளம்.

கிரேனில் தகடு உண்டா? அமெரிக்காவின் சட்டனூகாவில் 1916-இல் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் காரில் கம்பமும் கப்பியும் சங்கிலியும் கட்டித் தொடங்கியதுதான் இந்தத் தொழில். ஹோம்ஸ் இரட்டைக் கை கிரேன் என்றால் அதை மட்டுமே தனியாகக் கேட்பார்கள். ஒற்றைக் கை அநேகமாக நம் ஊர் வெல்டிங்தான். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் குறையை முதலில் எழுதுங்கள்: "எஞ்சின் மாற்றியது, ஓடாது. ஆர்.சி. சேதம், பெயர் மாற்றம் நடக்கிறது. லோ பெட் டிரெய்லரில் ஏற்றிச் செல்வது வாங்குபவர் பொறுப்பு." இதைப் படித்த பிறகும் போன் செய்பவர்தான் வாங்க வருபவர்.

சங்ககிரி பேரன்

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். டீசல் வாசம் அண்ணா, எஞ்சின் பத்தாம் நாள் கால் சுற்று அசைந்தது, நேற்று முழுச் சுற்று. ஐந்தாவது துளையிலிருந்து கறுப்புக் குழம்பு சட்டை முழுக்கத் தெறித்தது.

கிரேனில் தகடு இல்லை. மஞ்சள் பெயிண்ட்டை தின்னர் துணியால் துடைத்தால் கிரேனின் கை முழுக்க தண்டவாளத் துண்டு. தாத்தா வேலைதான். ஆனால் ஆயில் மீட்டரின் பின்னால் சி-யும் அம்பும் இருக்கிறது. ஆர்.சி.யின் ஆறாம் பக்கத்தில் டீசல் மாற்றிய முத்திரையும் தப்பித்திருக்கிறது.

பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தார், டீ கூடக் கேட்கவில்லை. 2,40,000 சொல்லியிருக்கிறார். 20,000 முன்பணம், மீதி பெயர் மாறியதும். கிரேனையும் அப்படியே வைத்துக்கொள்வாராம், வின்ச் கைப்பிடி மட்டும் வேண்டும் என்கிறார்.

கைப்பிடி கிடைத்துவிட்டது. பெரிய அத்தை வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட அத்தை சரி சொல்லிவிட்டார், கைப்பிடியைத் தரமாட்டாராம். "அப்பா கைபட்டது அது ஒன்றுதான்" என்கிறார்.

பாதி ஆர்.சி.

அதைக் கேட்கவே கேட்காதீர்கள். கையெழுத்து வாங்குங்கள் முதலில்.

டீசல் வாசம்

வின்ச் தண்டின் சதுர முனையை வெர்னியரில் அளந்து லேத் பட்டறையில் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை. பாலக்காட்டுக்காரருக்கு அது போதும்.