ஃபோர்க்ல கம்ப்ரஷன் குறைக்க குறைக்க கைய இன்னும் ஜாஸ்தி அடிக்குது, ஏன்?

சேத்துவண்டி:
வணக்கம் மக்களே. வண்டி 250 ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ், முன்னாடி கேஒய்பி கம்பெனியோட 48 மி.மீ. ட்வின் சேம்பர் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன், ஆயில் உள்ள வெளியன்னு ரெண்டு தனி அறைல இருக்கற வகை), ஸ்பிரிங் வச்சது தான், ஏர் ஃபோர்க் இல்ல. செகண்ட் ஹேண்டு வண்டி, அதனால உள்ள என்ன ஸ்பிரிங் கெடக்குதுன்னு தெரியாது. கியர் எதுவும் போடாம நான் 92 கிலோ.

கார்னருக்கு முன்னாடி எல்லாரும் ப்ரேக் அடிச்சு அடிச்சு வரிசையா மேடு பள்ளமா ஆயிருக்கும்ல, அந்த எடத்துல தான் எனக்கு பிரச்சனை. முதல் ரெண்டு மேடு நல்லா வாங்கிக்குது, மூணாவதுலேர்ந்து ஹேண்டில்பார் நேரா மணிக்கட்டுல குத்துது, கார்னர் உள்ள போறப்போ பிடியே இருக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல முன்னங்கை இறுகிப் போய் க்ளட்ச் கூட ஒழுங்கா அமுக்க முடியல. சரி ஃபோர்க் ரொம்ப கெட்டியா இருக்கு போலன்னு கம்ப்ரஷனை (ஃபோர்க் உள்ள அமுங்கறதை மெதுவாக்கற செட்டிங்) லூஸ் பண்ணிட்டே வந்தேன், மேனுவல்ல சொன்னதை விட ஆறு கிளிக் வெளிய இருக்கு இப்போ. அதுக்கப்புறம் இன்னும் மோசமா தான் குத்துது, இது எனக்கு சுத்தமா புரியல. எவ்வளவு அமுங்குதுன்னு பாக்க ஃபோர்க் ட்யூப்ல ஒரு ஜிப் டை கட்டி ஓட்டிப் பாத்தேன், பெரிய ஜம்ப் எதுவும் அடிக்காமயே கிட்டத்தட்ட அடி வரைக்கும் போயிருக்கு. ரீபவுண்டு (அமுங்கின ஃபோர்க் திரும்ப வெளிய வர்ற வேகத்தோட செட்டிங்), பின்னாடி ஷாக் ரெண்டையும் தொடவே இல்ல. இன்னும் கம்ப்ரஷன் குறைக்கலாமா, இல்ல ஆயிலை மாத்தி கொஞ்சம் தண்ணியா இருக்கறதா ஊத்தலாமா?

நாலாம்கியர்:
குறைக்காதீங்க ப்ரோ, மொதல்ல அந்த ஆறு கிளிக்கையும் திரும்ப உள்ள கொண்டாங்க. கைல குத்துதுன்னா ஃபோர்க் கெட்டின்னு தான் எல்லாரும் நெனப்பாங்க ஆனா பாதி கேஸ்ல அது உல்டா. உங்க எடைக்கு ஸ்பிரிங் பத்தலைன்னா ப்ரேக் அடிச்ச உடனே ஃபோர்க் பாதிக்கு மேல உள்ள போயி அங்கேயே உக்காந்துக்கும். சுமாரா 300 மி.மீ. டிராவல்ல கடைசி மூணுல ஒரு பங்கு இருக்கே, அங்க ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யாது, ஆயிலுக்கு மேல அடைபட்டிருக்கற காத்தும் சேந்து நசுங்கி தள்ளும், அதனால அந்த எடத்துல ஃபோர்க் இயல்பாவே ரொம்ப கெட்டி. நீங்க ஓட்டறது முழுக்க அந்த எடத்துல. கம்ப்ரஷனை லூஸ் பண்ணப் பண்ண இன்னும் வேகமா அங்க போய் சேருது, அதான் மோசமாகுது. ஜிப் டை சொல்றதும் இதே கதை தான்.

250 வண்டிங்க பெரும்பாலும் 70, 80 கிலோ ஆளை மனசுல வச்சு தான் ஸ்பிரிங் போட்டு வருது, நீங்க பூட்ஸ் ஹெல்மெட்டோட 100 தாண்டிடுவீங்க. மேனுவல் பின்பக்கம் ஸ்டாண்டர்டுக்கு மேல கெட்டி ஸ்பிரிங் என்னென்ன நம்பர்ல கெடைக்கும்னு டேபிள் இருக்கும் பாருங்க. கழட்டும்போது ஸ்பிரிங் முனைல மார்க் இருக்கான்னு பாத்து அதோட ஒப்பிட்டுக்கோங்க, பழைய ஓனர் ஏற்கனவே மாத்தியிருக்கலாம்.

ஆனா முன்னாடி கை வைக்கறதுக்கு முந்தி பின்னாடி ஸாக் (எடை ஏறினா சஸ்பென்ஷன் எவ்வளவு எறங்குதுன்னு) அளங்க, இது இல்லாம ஃபோர்க் செட்டிங்னு பேசறதே வேஸ்ட். வண்டிய ஸ்டாண்டுல தூக்கி பின் சக்கரம் தொங்கறப்போ ஆக்ஸில்லேர்ந்து மட்கார்டுல ஒரு பாயிண்டுக்கு அளவு எடுங்க. அடுத்து வண்டி தன் எடைல தரைல நிக்கும்போது, அடுத்து நீங்க ஃபுல் கியரோட ஏறி நிக்கும்போது. சக்கரம் தொங்கின அளவுக்கும் ஆள் ஏறின அளவுக்கும் வித்தியாசம் 100, 105 மி.மீ. பக்கம் வரணும், வண்டி மட்டும் நிக்கற வித்தியாசம் 30லேர்ந்து 40க்குள்ள. கிளிக் எண்ணறப்போ எப்பவும் முழுசா உள்ள திருகி, அங்கேர்ந்து வெளிய எண்ணுங்க, உள்ள திருகும்போது முட்டினதும் நிறுத்திடணும், பலம் குடுத்தா ஊசி முனை போயிடும்.

ஆயில்சீல்:
நாலாம்கியர் சொல்றது தப்பில்ல ஆனா ஸ்பிரிங் வாங்க ஓடறதுக்கு முன்னாடி காசில்லாம பாக்க வேண்டியது இருக்கு. செகண்ட் ஹேண்டு வண்டின்னு சொல்றாரு, முன்னாடி சக்கரத்தை எவன் எப்படி மாட்டினான்னு யாருக்கு தெரியும். ஆக்ஸில் நேரா உக்காராம பிஞ்ச் போல்ட்டை (ஆக்ஸிலை ஃபோர்க்கோட அடியில கவ்விப் பிடிக்கற போல்ட்) டைட் வச்சிருந்தா ஃபோர்க்கோட ரெண்டு காலும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும், ஃபோர்க் வழுக்காம பிடிச்சு பிடிச்சு போகும், நீங்க எவ்வளவு கிளிக் திருகினாலும் வேலைக்கு ஆகாது.

தம்பி, ஆக்ஸில் நட்டை டைட் பண்ணிட்டு ஒரு பக்க பிஞ்ச் போல்ட் ரெண்டையும் லூஸ் விடுங்க, வண்டிய தரைல வச்சு முன் ப்ரேக்க பிடிச்சுக்கிட்டு நாலஞ்சு தடவ நல்லா அமுக்கி விடுங்க, அந்த கால் தானா தன் எடத்துக்கு வந்துடும், அப்புறம் டைட் பண்ணுங்க. கீழ் ட்ரிபிள் க்ளாம்ப்பையும் (ரெண்டு ஃபோர்க் காலையும் சேத்துப் பிடிக்கற பிடி) டார்க் ரெஞ்ச் வச்சு பாருங்க. அங்க நம்மாளுங்க வெறி வந்த மாதிரி இறுக்கி வச்சிருப்பாங்க, சுமார் 20 நியூட்டன் மீட்டர் தான் வேணும், ஜாஸ்தியானா வெளி ட்யூப் நசுங்கி உள்ள இருக்கற புஷ் பிடிக்கும். டஸ்ட் சீலை கீழ எறக்கி உள்ள மண்ணு இருக்கான்னும் பாத்துடுங்க. ஆயில் எப்ப மாத்தினதுன்னு தெரியாதுன்னா மாத்திடுங்க, கருப்பா தான் வரும்.

கல்லுமேடு:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. முதல் ரெண்டு மேடு ஓகே, மூணாவதுலேர்ந்து குத்துதுன்னு அவரே எழுதியிருக்காரு. இது ரீபவுண்டு லேட்டா இருக்கற அறிகுறி. ஒரு மேட்டுல அமுங்கின ஃபோர்க் அடுத்த மேடு வர்றதுக்குள்ள முழுசா வெளிய வரல, ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கி கடைசில டிராவலே இருக்காது. கம்ப்ரஷன் கெட்டியா இருந்தா முதல் மேடே குத்தும்ங்க. கேஒய்பி ட்வின் சேம்பர்ல கம்ப்ரஷன் மேல மூடில, ரீபவுண்டு கீழ ஆக்ஸில் பக்கத்துல, சேறு அடைச்சிருக்கும், தொடச்சிட்டு ரெண்டு காலுக்கும் ஒரே மாதிரி ரெண்டு கிளிக் வெளிய விடுங்க, அதே கார்னர் அதே வேகம், வித்தியாசம் உடனே தெரியும். மேடு முடிஞ்சதும் முன்பக்கம் துள்ளி தரைய விட்டுப் போற மாதிரி இருந்தா ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு அர்த்தம், ஒரு கிளிக் உள்ள.

ஆயில் பத்தி: தண்ணியான ஆயில் ஊத்தினா கம்ப்ரஷன் ரீபவுண்டு ரெண்டுமே சேந்து கொறையும், எதனால என்ன ஆச்சுன்னே தெரியாம போயிடும். அதோட 5 டபிள்யூன்னு டப்பாவுல போட்டிருக்கறத நம்பாதீங்க, ஒரு கம்பெனி 5 இன்னொரு கம்பெனிக்கு 7 மாதிரி இருக்கும். 40 டிகிரில எத்தனை சென்டிஸ்டோக்னு (ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு) டேட்டா ஷீட்ல இருக்கும், அதை மேனுவல் சொல்ற ஆயிலோட ஒப்பிட்டு வாங்குங்க.

சேத்துவண்டி:
எல்லாருக்கும் நன்றி. ஆயில்சீல் அண்ணா சொன்னத மொதல்ல பண்ணேன், பிஞ்ச் போல்ட்டை லூஸ் விட்டதும் கால் நல்லாவே நகந்து உக்காந்துச்சு, கண்ணுக்கே தெரிஞ்சது. கீழ் க்ளாம்ப்பும் ஓவர் டைட். இப்போ சும்மா நின்னு அமுக்கினாலே வழவழன்னு போகுது. கம்ப்ரஷன் மேனுவல் நம்பருக்கு, ரீபவுண்டு ரெண்டு வெளிய. மணிக்கட்டு வலி பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சு, அந்த மேடுங்கள்ல இப்போ ப்ரேக்க விடாம போக முடியுது. ஆனா ஜிப் டை இன்னும் அடிக்கு தான் போகுது, கார்னர் நடுவுல முன்பக்கம் உள்ள மடங்கற மாதிரியும் ஒரு ஃபீல்.

பின்னாடி ஸாக் அளந்தேன், 118 வந்தது. ஷாக் ஸ்பிரிங்க டைட் பண்ணி 105க்கு கொண்டு வந்துட்டேன், ஆனா இப்போ வண்டி மட்டும் நிக்கும்போது 22 தான் வருது. ஆள் ஏறினா சரியா இருக்கு, ஆள் இல்லாம கம்மியா இருக்கு, அப்போ பின் ஸ்பிரிங் ரொம்ப கெட்டியா?

நாலாம்கியர்:
இல்ல ப்ரோ, ரொம்ப சாஃப்ட். எல்லாரும் குழம்பற எடம் இது. சாஃப்ட் ஸ்பிரிங்க உங்க எடைக்கு தாங்க வைக்கணும்னா நட்டை நெறைய எறக்கி முன்கூட்டியே நசுக்கி வைக்க வேண்டியிருக்கு, அப்படி நசுக்கினதால ஆள் இல்லாதப்போ வண்டி மேல தூக்கிக்கிட்டு நிக்குது. கெட்டி ஸ்பிரிங் போட்டா அவ்வளவு நசுக்க வேண்டாம், 105ம் வரும் 30க்கு மேல அதுவும் வரும். ஆக பின்னாடியும் உங்க எடைக்கு பத்தல, பின்னாடியே இப்படின்னா பழைய ஓனர் முன்னாடி மட்டும் கெட்டி ஸ்பிரிங் மாத்தியிருக்க சான்ஸ் கம்மி.

அந்த மடங்கற ஃபீலுக்கும் இதுல பங்கு இருக்கு. இதுக்கு முந்தி பின்பக்கம் 118 எறங்கி இருந்ததால முன்பக்கத்துக்கு எடை கம்மியா போச்சு. இப்போ பின்னாடி ஏறிடுச்சு, எடை முன்ன சாயுது, ஃபோர்க் சாஃப்ட்னு இப்போ தான் முழுசா தெரியுது. ஃபோர்க்க க்ளாம்ப்புல மேல தூக்கி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, மேல நீட்டிக்கிட்டு இருந்தா 5 மி.மீ. கீழ எறக்கினாலே கார்னர்ல கொஞ்சம் சாந்தமாகும், திருப்பம் மட்டும் சோம்பலாகும். ஸ்பிரிங் வர்ற வரைக்கும் இத வச்சு ஓட்டுங்க. முன் பின் ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணா மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தினா வண்டி சாஞ்ச மாதிரியே இருக்கும்.

சேத்துவண்டி:
சரி ரெண்டும் பாத்துடறேன். அதுவரைக்கும் அடி தட்டாம இருக்க ஆயில் கொஞ்சம் ஏத்தலாமா?

கல்லுமேடு:
ஏத்தலாம், ஆனா உங்க கேஸ்ல நான் ஏத்த மாட்டேன். ஆயில் ஏத்தினா காத்துக்கு எடம் கொறையும், கடைசி பகுதி தான் இன்னும் கெட்டியாகும், நீங்க அங்கேயே தான ஓட்டிக்கிட்டு இருக்கீங்க, திரும்ப கை வலி. ஸ்பிரிங் சரியான பின்னாடியும் பெரிய ஜம்ப்ல தட்டுச்சுன்னா அப்போ வெளி சேம்பர்ல காலுக்கு 5 சிசி, அவ்வளவு தான், ஒரே அடியா 20 ஊத்திடாதீங்க. ட்வின் சேம்பருக்கு சிசி கணக்கு, ஓப்பன் காட்ரிட்ஜ் (ஆயில் அறை தனித்தனியா பிரிக்காத வகை) வச்சிருக்கவங்க தான் ஸ்பிரிங்க எடுத்துட்டு ஃபோர்க்க முழுசா அமுக்கி மேலேர்ந்து மி.மீ.ல அளக்கணும்.

இன்னொண்ணு, மேல மூடில காத்து விடற ஸ்க்ரூ இருக்கும், ஓட்டறதுக்கு முன்னாடி வண்டி ஆறி இருக்கும்போது முன் சக்கரம் தரைல படாம ஸ்டாண்டுல தூக்கி வச்சு ரெண்டையும் தெறந்து மூடுங்க. சக்கரம் தரைல இருக்கறப்போ தெறந்தா கணக்கு மாறிடும்.

ஆயில்சீல்:
கெட்டி ஸ்பிரிங் போட்டதும் இப்போ இருக்கற ரீபவுண்டு செட்டிங்கோட ஓட்டாதீங்க தம்பி. அது வேகமா தள்ளும், ரெண்டு கிளிக் வெளிய விட்டதை திரும்ப உள்ள கொண்டாந்துட்டு அங்கேர்ந்து ஆரம்பிங்க. முதல்ல ரீபவுண்டு மட்டும், அது செட்டான பின்னாடி கம்ப்ரஷன், ரெண்டையும் ஒரே ரவுண்டுல தொடாதீங்க.