நைரோபியிலிருந்து சஃபாரி: ஒரு கிழமையில் நாலு இடம் ஓடலாமா?

உப்புவெளி நிலா:
ஓகஸ்ட் நடுவில் இவருக்கு நைரோபியில் வேலை விஷயமாக ஒரு கூட்டம். அதைச் சாட்டாக வைத்து நானும் அம்மாவும் கூட வெளிக்கிடுகிறோம். கூட்டம் முடிய ஒரு கிழமை கையில் இருக்கும். ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் மசாய் மாரா, நக்குரு ஏரி, அம்போசெலி, நைரோபி தேசியப் பூங்கா என்று நாலும் இருக்கு, எல்லாம் வான் வண்டியில். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் நோ, சாப்பாடு சைவம். மின்னேரியாவில் காணாத யானையையா அங்கே போய்க் காணப்போறம் என்று வேறு கேட்கிறா. இந்த ஓட்டம் சரிவருமா? ஊசி ஏதும் போட வேணுமா?

கடற்கரை வீதி:
தங்கச்சி, நாலையும் பிடித்தால் பாதி நாள் தெருவில்தான் போகும். மாரா நைரோபிக்கு மேற்கே, நாரொக் வழியாக 270 கிலோமீட்டர் வரும், ஐந்தாறு மணித்தியாலம், அதிலும் கடைசித் துண்டு குலுங்கும். அம்போசெலி தெற்கே தான்சானியா எல்லையோடு இருக்கு, மாராவிலிருந்து அங்கே போக ஒரு முழு நாளைக் கொடுக்க வேணும். அம்மாவின் முழங்காலை நினைத்தால் நக்குருவை வெட்டுங்கள். காண்டாமிருகம்தான் அங்கே விசேஷம், அதை நைரோபி தேசியப் பூங்காவிலேயே பார்க்கலாம், நகரத்தை ஒட்டியே இருக்கு. சிங்கமும் உண்டு, பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரியும். யானை மட்டும் அங்கே இல்லை.

யானைக்கு அம்போசெலி. நம்மூரில் கொம்பனைக் காண்பதே அரிது, அங்கே பெட்டைக்கும் தந்தம் இருக்கும், காது முறம் மாதிரி. விடிய எழும்பினால் கிளிமஞ்சாரோ தெரியும், வெயில் ஏற முகில் மூடிவிடும். மாராவுக்கு மூன்று இரவு, அம்போசெலிக்கு இரண்டு, மிச்சம் நைரோபி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

வான் என்று எழுதியிருந்தால் லேண்ட் குரூசர் கேளுங்கள். எங்களுக்குத் தருவதாகச் சொன்னது ஒன்று, வந்து நின்றது வேறொன்று. மழை பெய்தால் மாராவின் கறுப்பு மண் களியாகிவிடும், வான் புதைந்தால் பக்கத்தில் சிங்கம் படுத்திருக்கும்போது இறங்கித் தள்ளவா முடியும்? கூரையைத் தூக்கிவிட்டு எழும்பி நின்று பார்க்கிற மாதிரி வாகனம்தான், அம்மா இருந்தபடியே பார்க்க யன்னல் இருக்கை ஒன்றை முதலே சொல்லி வையுங்கள்.

வார்ட் வேலைக்காரி:
ஊசியைக் கடைசிக்கு விடாதீர்கள். இலங்கையிலிருந்து போகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்காது, ஆனால் கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால் திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். அம்மா அறுபது தாண்டியவர், அந்த வயதில் முதல் தடவை போடும்போது பக்கவிளைவு கொஞ்சம் கூட என்பதால் டிக்கெட் எடுக்க முதல் டொக்டரிடம் கதையுங்கள். சும்மா வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

மலேரியாவும் பாருங்கள். 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தாகிவிட்டது, அதனால்தான் வெளியே போகிறவர்களுக்கு மலேரியா தடுப்பு இயக்கம் மருந்தை இலவசமாகவே தருகிறது. திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் கென்யா போனதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், டெங்கு என்று நினைத்து நாள் போகக்கூடாது.

சல்லி எண்ணி:
எல்லாம் சரி அக்கா, காசைப் பற்றி ஒருவரும் மூச்சே விடவில்லையே. மாரா நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெளிநாட்டு ஆளுக்கு ஒரு நாளுக்கு 100 டொலர், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை 200. மூன்று பேர், மூன்று நாள், நீங்களே பெருக்குங்கள். ஏஜென்ட் சொன்ன விலைக்குள் அது இருக்கா என்று முதலில் கேளுங்கள். ஓகஸ்டில் கூட்டம் கூட்டமாக வில்டபீஸ்ட், மாடு மாதிரி ஒரு மான் இனம், ஆறு தாண்டுவதைப் பார்க்கத்தான் உலகமே வருது, ஆனால் அவை கரைவரை வந்து மணிக்கணக்காக நின்று பேந்து திரும்பியும் போகும், அதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். யாலவில் ஒரு சிறுத்தைக்கு வரிசை கட்டும் ஜீப்புகளைப் பிடிக்காதவர் என்றால் மாராவை ஒட்டியிருக்கும் நபொய்ஷோ மாதிரி வனக்காப்பு இடங்களைக் கேளுங்கள், வாகனம் குறைவு, விலைதான் கூட.

விசா என்று அலைய வேண்டாம், 2024 முதல் இணையத்தில் பயண அனுமதி எடுத்தால் போதும். பொலித்தீன் பை கொண்டு போகாதீர்கள், 2017இலிருந்து அங்கே தடை.

கடற்கரை வீதி:
தம்பி சொன்னது நியாயம். இன்னொன்று, குளிர். ஓகஸ்ட் என்றால் இங்கே வேர்த்து ஊற்றும், அங்கே விடிய ஆறு மணிக்குக் கூரைக் கம்பியைப் பிடித்தால் கை விறைக்கும். நுவரெலியாவுக்குக் கொண்டு போகிற சுவெட்டரை எடுத்து வையுங்கள். சைவத்துக்குப் பயப்பட வேண்டாம், நைரோபியில் குஜராத்திக்காரர் பரம்பரையாக இருக்கிறார்கள், சப்பாத்தியும் பருப்பும் தாராளமாகக் கிடைக்கும். காட்டுத் தங்குமிடத்துக்கு மட்டும் முதலே எழுதிப் போடுங்கள்.

உப்புவெளி நிலா:
நன்றி எல்லோருக்கும். நக்குருவை வெட்டியாச்சு. நுழைவுக் கட்டணம் விலைக்குள் இல்லையாம், கேட்டதும் ஏஜென்ட் ஒரு நாள் மறுமொழியே போடவில்லை! அம்மாவை வியாழக்கிழமை டொக்டரிடம் காட்டுகிறோம், அவர் வேண்டாம் என்றால் நான் மட்டும் இவரோடு போவேன். பெட்டைக்கும் தந்தம் இருக்காம் என்று சொன்னதிலிருந்து அம்மா சும்மா இருக்கிறா இல்லை, சுவெட்டர் எங்கே என்று அலுமாரியைக் கிண்டத் தொடங்கிவிட்டா.