மூச்சை எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதுகிறார்கள்: என்ன செய்வது?

நைட்_டியூட்டி, திண்டுக்கல்:
பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் ஃபைல், பில், இன்டென்ட் (மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் சீட்டு) என்றே பாதி ஷிப்ட் ஓடிவிடுகிறது. ஆறு மாதப் பயிற்சியில் வந்த பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஒரே யூனிபார்ம்.

சமீபத்தில் ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 26, சாதாரண அளவைவிட அதிகம். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "பி.பி. நார்மல்தானே, நீங்க ஆர்டரை மட்டும் பாருங்க" என்றார். விடிவதற்குள் அந்த நோயாளி ஐசியூவுக்குப் போனார். அப்புறம் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ்கள் மூச்சு எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். சார்ட்டில் எல்லோருக்கும் 20தான். 'சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?' என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் படித்ததே இதைக் கவனிக்கத்தானே?

ஓய்வுபெற்ற இன்சார்ஜ் நர்ஸ், மதுரை:
நீ எண்ணினாய் பார், அதுதாம்மா நர்ஸ் வேலை. அடுத்த முறை வாயால் சொல்வதோடு விடாதே. 'மூச்சு 26, டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று மணி போட்டு நர்ஸ் நோட்ஸில் எழுது. அவர் வரவில்லையென்றால் மேலே இருப்பவரைக் கூப்பிடு. எழுதி வைத்ததை யாராலும் லேசில் தள்ள முடியாது.

பர்மிங்ஹாமிலிருந்து:
இங்கே நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை உண்டு. மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். உடனே வந்து பார்க்கச் சொல்லி அழைக்க அதுவே போதும். பி.பி. இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு ஏறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருந்தபோது சொல்லத் தயங்கிய நானே இங்கே தைரியமாகக் கூப்பிடுகிறேன். ஆள் மாறவில்லை, பின்னால் ஒரு விதி நிற்கிறது. உங்கள் மேட்ரனிடம் (நர்ஸ்களுக்குத் தலைமை) இந்த நியூஸ்2 சார்ட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஈரோடு_நர்ஸ்:
எல்லாம் சரி அக்கா. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைத்த குழு 2016இலேயே சொன்னது. எனக்கு இன்னும் அதில் பாதிதான். ராத்திரி முழு வார்டையும் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் மூச்சு எண்ணு என்றால் எப்படி? முதலில் ஆள் போடட்டும்.

நைட்_டியூட்டி, திண்டுக்கல்:
ஆள் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. அதுவரை ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்காவது எண்ணுவோம் என்று என் ஷிப்டில் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள். சார்ட்டோடு மேட்ரனைத் திங்கட்கிழமை பார்க்கிறேன்.