லிண்டாலின் ஆய்வுக்குப் புற்றுநோய் நன்கொடையைச் செலவழித்தது சரியா?

கடலோடி:
ஸ்வீடன் விஞ்ஞானி டோமஸ் லிண்டால் 2015இல் வேதியியல் நோபல் பெற்றார். தகுதியானவர்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1981 முதல் அவர் வேலை பார்த்தது பிரிட்டனின் இம்பீரியல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தில். அது மக்கள் நன்கொடையில் நடந்த அமைப்பு. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் போட்ட காசை வைத்து, டிஎன்ஏ தானாக எப்படிச் சிதைகிறது என்று ஆராய்வது நியாயமா? மருந்துக்கல்லவா அது போயிருக்க வேண்டும்?

நுண்ணோக்கி:
அவர் என்ன செய்தார் என்று முதலில் பார்ப்போம். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்என்ஏவைச் சூடாக்கியபோது அது மளமளவென்று உடைந்தது. அப்படியானால் டிஎன்ஏ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அது அசையாத மூலக்கூறு என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஸ்வீடனுக்குத் திரும்பியதும் அளந்து பார்த்தார். வெளியிலிருந்து எந்த நஞ்சும் வேண்டாம். உடல் சூட்டில் தண்ணீரில் இருந்தாலே போதும். டிஎன்ஏவின் எழுத்துகள் காரங்கள்; அவற்றில் அடினினும் குவானினும் பியூரின் வகை. ஒரு மனித செல்லில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 பியூரின் காரங்கள் கழன்று விழுகின்றன. சைட்டோசின் என்ற இன்னொரு எழுத்தில் சில, அமினோ தொகுதியை இழந்து, டிஎன்ஏவில் இருக்கக்கூடாத யுராசிலாகிவிடுகின்றன. சைட்டோசினின் ஜோடி குவானின். யுராசிலோ அடினினைப் பிடித்துக்கொள்ளும். செல் பிரியும்போது அந்த எழுத்து நிரந்தரமாக மாறிவிடும். புற்றுநோயின் தொடக்கம் இத்தகைய பிழைகளில்தானே!

இந்த வேகத்தில் கெட்டுப்போனால் உயிர் நிலைக்காது, ஆகவே பழுதுபார்க்கும் நொதி இருந்தே ஆக வேண்டும் என்று தேடினார். யுராசிலை மட்டும் கண்டுபிடித்து வெட்டியெடுக்கும் நொதி 1974இல் ஈ.கோலி பாக்டீரியாவில் கிடைத்தது. மனித செல்லில் நடக்கும் அந்தப் பழுதுபார்ப்பை 1996இல் சோதனைக் குழாயிலேயே நடத்திக்காட்டினார். இது புற்றுநோய் ஆராய்ச்சி இல்லை என்றால் வேறு எது?

கடலோடி:
அறிவியல் அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோயாளிக்குக் கிடைத்தது என்ன? எப்போது கிடைத்தது?

மாலைவெயில்:
ஒலாபாரிப் என்ற மருந்து கிடைத்தது. டிஎன்ஏவின் ஓரிழை அறுந்தால் ஓடிவரும் நொதி பார்ப் (PARP). அதன் வேலையைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் லிண்டால் குழுவின் 1992 கட்டுரையும் ஒன்று. ஒலாபாரிப் தடுப்பது இந்தப் பார்ப்பைத்தான். தடுத்தால் அந்த அறுப்பு, செல் பிரியும் நேரத்தில் ஈரிழை முறிவாக மாறும். நல்ல செல், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் தரும் பிஆர்சிஏ புரதங்களின் துணையோடு அதைச் சரிசெய்துகொள்ளும். பிஆர்சிஏ இழந்த புற்றுசெல்லுக்கு அந்த வழியில்லை, செத்துப்போகும். 2005இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி வந்தது.

கடலோடி:
1974இலிருந்து 2014! நாற்பது வருடம் எந்த நோயாளி காத்திருப்பார்? அப்புறம், கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். பிஆர்சிஏ1 இருக்கும் இடத்தை 17ஆம் குரோமோசோமில் 1990இல் காட்டியவர் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங். இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தார். அவர் புறப்பட்டதே நோயிலிருந்து. அது இல்லாமல் பார்ப் மருந்தை யாருக்குக் கொடுப்பது?

மாலைவெயில்:
நியாயமான கேள்வி. கிங் பூட்டைக் காட்டினார் என்றால் சாவி இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. லிண்டால் 1986 முதல் 2005 வரை இயக்குநராக இருந்த, அந்த நிதியத்தின் க்ளேர் ஹால் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முறிந்த டிஎன்ஏ இன்னொரு பிரதியைப் பார்த்துச் சேர்ந்துகொள்வதை ஸ்டீபன் வெஸ்ட் அங்கேதான் ஆராய்ந்தார். பிஆர்சிஏ2 வேலை செய்வது அந்த வழியில்தான். மருந்துக்குத் தேவையான இரண்டு பக்க அறிவும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்திருக்கிறது. கூரை போட்டது நன்கொடை.

நுண்ணோக்கி:
இன்னொன்று. ஒலாபாரிப் சிலருக்குக் கொஞ்ச காலத்தில் வேலை செய்யாமல் போகிறது. பிஆர்சிஏ மரபணுவில் இரண்டாவது மாற்றம் வந்து, புற்றுசெல் இழந்த திறனைத் திரும்பப் பெறுவது ஒரு காரணம் என்று 2008இலேயே தெரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளவும் அதே பழுதுபார்ப்பு அறிவுதான் வேண்டும். மாத்திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுவோம்.

கடலோடி:
சரி, க்ளேர் ஹால் போன்ற இடங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உண்டியலில் "சிகிச்சைக்காக" என்று எழுதிவிட்டு இதற்குச் செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன். பலன் வர முப்பது, நாற்பது வருடம் ஆகலாம் என்று கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் நானும் கொடுப்பேன்.