கொல்லிமலை மிளகை நேரடியாக விற்பதற்கு வழி தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். கொல்லிமலையில் ஒன்றரை ஏக்கரில், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட பன்னியூர்-1, கரிமுண்டா ரக மிளகுக் கொடிகளை நாங்களே பராமரித்து வருகிறோம். சரத்தில் ஓரிரு மணிகள் சிவந்ததும் பறித்து, உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்து வெயிலில் உலர்த்தினால், 3 கிலோ பச்சை மிளகு ஏறத்தாழ 1 கிலோவாகச் சுருங்கி, அள்ளும்போது சலசலவென்று ஒரே கருநிறமாக நிற்கும். இவ்வளவு பக்குவம் பார்த்தும், பொக்கு (உள்ளீடற்ற மணி) கலந்த சரக்குக்குப் போடும் விலையையே வியாபாரி எங்களுக்கும் போடுகிறார். மூட்டைக் கணக்கு சிறிதென்றால் பேரத்துக்கும் இடமில்லை. ஆகவே, தரம் பிரித்து வீடுகளுக்கு நேரடியாக அனுப்பும் சிறு விவசாயிகள், சல்லடை அளவு, லிட்டர் எடை (ஒரு லிட்டர் மிளகின் எடை) பார்க்கும் முறை, ஈரம் ஏறாத பை, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவை குறித்த தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். எங்களுக்குத் தை மாதம் பறிப்பு தொடங்கிவிடும்.