கத்தரிப் பூவை வெட்டிப் பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு செய்முறை வகுப்பு. ஆளுக்குச் சில கத்தரிப் பூக்களும் ஒரு பிளேடும் கொடுத்திருந்தார்கள். வெளியே பச்சையாக ஐந்து புல்லி, அடியில் ஒட்டிய ஐந்து அல்லி (நிற இதழ்), அல்லிக்குழலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மகரந்தத்தாள். எண்ணி எழுதுவது பத்து நிமிட வேலை. பின்னால் காயாக மாறும் சூற்பையைக் குறுக்கே வெட்டுவதில்தான் திணறிப்போனேன். மிளகைவிடச் சின்னது; அழுத்தினால் நசுங்கும், விட்டால் நழுவும்.

மூன்று பூ வீணான பிறகு ஒரு மெல்லிய சீவல் கிடைத்தது. செடியின் தண்டை ஒட்டிய பக்கம் எது என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். தண்ணீர்ச் சொட்டில் மிதக்கவிட்டு லென்ஸில் பார்த்தால், இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் உப்பலான சூலொட்டுத் திசு, அதன்மேல் நெருக்கமாக ஒட்டிய வெண்மணிச் சூல்கள், அதாவது விதையாகப் போகிறவை. ஆனால் நடுச்சுவர், நான் குறித்த பக்கத்துக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தது. நான்தான் கோணலாகக் குறித்துவிட்டேன் என்று இன்னொரு பூவை எடுத்தேன். அதிலும் அதே சாய்வு. பேராசிரியர் எட்டிப் பார்த்து, “சரியாகத்தான் வெட்டியிருக்கிறாய். இந்தக் குடும்பத்தில் சூலகமே சாய்வாகத்தான் உட்கார்ந்திருக்கும்” என்றார்.

கத்தரிக் குடும்பமான சொலானேசியில் 2,000-க்கு மேல் இனங்கள் இருக்கின்றன. தூதுவளை சிவந்த சதைக்கனி தரும், ஊமத்தை முள்காயாக வெடிக்கும், புகையிலைக் காய் உலர்ந்து பிளக்கும். பழத்தை மட்டும் பார்த்தால் இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றவே தோன்றாது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் முதலில் பூவைத்தான் திறக்கிறேன்.

*

நான் படித்தவள் இல்லை, தொட்டியில் செடி வளர்ப்பவள். என் கத்தரிச் செடியில் பூ நிறைய வந்தது, பாதிக்கு மேல் உதிர்ந்தது. உரம், தண்ணீர் எல்லாம் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், உதிர்ந்த பூக்களை ஒருநாள் கையில் வைத்துப் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் நடுவில் இருக்கும் சூலகத்தண்டு குட்டையாக, மஞ்சள் மகரந்தப்பைகளுக்குள் ஒளிந்திருந்தது. செடியில் தங்கிய பூக்களிலோ அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரியில் இப்படி நெட்டை, குட்டை என்று ஒரே செடியில் பூக்கும், குட்டைத் தண்டுப் பூ பெரும்பாலும் காய்க்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. செடிமேல் தப்பே இல்லை.

இன்னொன்றும் அங்கேயே பார்த்தேன். கருத்த தச்சுத் தேனீ ஒன்று பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கியது. பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறியது. அந்த அதிர்வில், மகரந்தப்பை நுனியில் இருக்கும் துளை வழியாகத் தூள் கொட்டி அதன் வயிறெல்லாம் மஞ்சளானது. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காக மட்டுமே வருகிறது. சாதாரணத் தேனீக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாதாம். அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை.

*

முதல் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டினேன். செர்ரித் தக்காளியில் இரண்டே அறை, பெரிய தக்காளியில் ஆறேழு. மிளகாயில் விதைகளைத் தாங்கும் வெள்ளைத் திசுவைத் தொட்ட விரல் இன்னும் எரிகிறது. காரம் உருவாவதே அந்தச் சூலொட்டில்தான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒருமுறை பச்சைத் தக்காளி போலக் குலையாகக் காய் தொங்கியது. தக்காளி விதை கலந்துவிட்டது என்றே நம்பினேன். செடியைத் தோண்டினால் அடியில் கிழங்கு! காய் அந்த உருளைச் செடியுடையதுதான். காம்பில் ஐந்து இதழ்ப் புல்லி உதிராமல் இருந்தது, வெட்டினால் இரண்டு அறை. சொலானின் நஞ்சு உள்ள காய் அது. குழந்தைகள் நடமாடும் இடமென்றால் கண்டவுடன் பறித்துப் போட்டுவிடுங்கள்.